வற்றும் ஏரியும் மறைந்த ஏரியும்

அபிராமபுரத்திலிருந்து மேற்கு நோக்கி, ஆழ்வார்பேட்டையையும் தேனாம்பேட்டையையும் கடந்து நடப்பவர் சற்று நேரத்தில் அண்ணா சாலையை அடைவர். சாலையைத் தாண்டி மேலும் சென்றால் தியாகராய நகர். துணிக்கடைகளும் நகைக்கடைகளும் மேம்பாலங்களும் அங்கே நம்மை எதிர்கொள்கின்றன. பண்டிகை நாள்களில் மக்கள் வெள்ளத்தில் நீந்தித்தான் கரையேற வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே வழியில் நடந்தவர்களை எதிர்கொண்டது உண்மையான வெள்ளம். நுங்கம்பாக்கத்தில் தொடங்கிச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை பிறைபோல் வளைந்து கிடந்த ஓர் ஏரி. அதன் வடபகுதி நுங்கம்பாக்கம் ஏரி. தென்பகுதி மயிலாப்பூர் ஏரி. இரண்டையும் சேர்த்து ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றனர். நாம் நெடிய ஏரி என்று வைத்துக்கொள்வோம்.

மயிலாப்பூர் என்றால் கபாலீசுவரர் கோயில் குளமும், சாந்தோம் கடற்கரையும், 1516ஆம் ஆண்டில் எழுந்த பிரகாச மாதா ஆலயமுமே நம் நினைவுக்கு வரும். அவ்வூரின் பெயரைத் தாங்கிய ஏரி ஒன்று அண்ணா சாலைக்கு அப்பால் கிடந்தது என்றால், அபிராமபுரத்திலும் மந்தைவெளியிலும் வாழும் பலர் நம்ப மறுக்கின்றனர். ஆயினும் பெயர்கள் எளிதில் அழிவதில்லை. நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரைச் சாலை இருக்கிறது. கரையும் இல்லை, ஏரியும் இல்லை. அடுத்தாற்போல் 'லேக் ஏரியா' என்றொரு குடியிருப்பு. அங்கே குழாயில் வரும் நீரைத் தவிர வேறு நீர் இல்லை.

அந்த ஏரியில் மீன் பிடித்தவர் யார்? எந்தக் காலத்தில், எவ்வாறு, எந்த உரிமையோடு பிடித்தனர்? இவ்வினாக்களைப் பின்தொடர்ந்து சென்றபோது, ஓர் ஏரிக்கும் அதன் ஊருக்கும் இடையே இருந்த உறவு நமக்குச் சிறிது புலனாயிற்று. அதனையே இங்கு எடுத்துரைக்க முனைகிறோம்.

முதலில் பருவத்தைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. வடபுல நாடுகளில் வசந்தம் என்பது மீன்பிடிப்போரின் புத்தாண்டு. ஏரிகளின் மேல் உறைந்திருந்த பனிக்கட்டி உருகும். குளிரில் சோம்பி ஆழத்தில் கிடந்த மீன்கள், கரையோரத்து இளவெதுவெதுப்பை நாடி இரைதேடி வரும். கொட்டகையில் கவிழ்த்து வைத்திருந்த சிறு படகை நிமிர்த்தி நீரில் இறக்கி, ஒருவரோ இருவரோ தூண்டிலுடன் புறப்பட்டுவிடுவர். அவர்களுக்கு அது நீர் கண்விழிக்கும் காலம். நமக்கு அவ்வாறன்று. சென்னைப் பகுதியின் ஏரிகளை நிரப்புவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. மார்கழியில் ஏரி ததும்பி நிற்கும். தையில் தெளியும். மாசியில் இறங்கத் தொடங்கும். பங்குனியில் கரையோரம் வெடித்த சேறாகும். நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களில் சித்திரையும் வைகாசியும் இளவேனில்; அப்போது ஏரி நடுவில் ஒரு மடுவாகச் சுருங்கிவிடும். அவர்களுடைய வசந்தம் நீர் விழிக்கும் காலமென்றால், நம்முடையது நீர் விடைபெறும் காலம்.

ஆகவே நம் ஏரிகளில் மீன்பிடிப்பும் நேரெதிரானது. நீர் குறையக் குறைய மீன்கள் நெருங்குகின்றன. பரந்த ஏரி முழுவதும் சிதறியிருந்தவை மடுவுக்குள் வந்து சேர்கின்றன. படகு தேவைப்படும் ஆழம் போய், முழங்காலளவு நீரில் இறங்கிக் கைகளால் துழாவும் நிலை வருகிறது. கத்தோலிக்கர்களாகிய நமக்கு இதில் ஒரு சிறு பொருத்தமும் உண்டு. ஒருசந்தியும் சுத்தபோசனமும் கடைப்பிடிக்கும் தவக்காலம் மாசி பங்குனியில்தான் வருகிறது. இறைச்சி விலக்கப்பட்டு மீன் அனுமதிக்கப்பட்ட அந்த வாரங்களும், ஏரி வற்றி மீன் மலியும் வாரங்களும் ஒன்றோடொன்று இணைந்தே நடப்பதை, ஏரிக்கரை ஊர்களில் வாழ்ந்த நம் பெரியோர் கவனியாதிருந்திருக்க மாட்டார்கள்.

இளவேனில், ஏரி, மீன் மூன்றும் ஒன்றுசேரும் காட்சி நம் இலக்கியத்தில் மிகப் பழையது. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் ஒரு வயலோர மாமரத்தைக் காட்டுகிறார். அதிலிருந்து தானே கனிந்து உதிரும் பழத்தைக் கீழே நீரிலுள்ள வாளைமீன் எளிதாகக் கவ்விக்கொள்கிறது. பாட்டின் பொருள் தலைவனின் ஒழுக்கத்தைப் பற்றியது. அதனை உரையாசிரியர்களிடம் விட்டுவிடுவோம். மாம்பழம் உதிரும் பருவமும் வாளை கரையோரம் இரைதேடும் இடமும் அறிந்த ஒருவரின் கண் அதில் இருக்கிறது என்பதே நமக்கு வேண்டியது. மருதத்திணைப் பாடல்களில் வாளையும் வராலும் கெண்டையும் ஆரலும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை ஏட்டுச் சுரைக்காய்கள் அல்ல; குழம்புச் சட்டியில் வெந்த மீன்கள்.

இம்மீன்களைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர் கடலோரப் பட்டினவர் அல்லர். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில், செம்படவர் ஏரி, குளம், ஆறு ஆகிய நன்னீர் நிலைகளில் மட்டுமே மீன் பிடிப்பவர் என்றும் கடலுக்குச் செல்லாதவர் என்றும் குறிக்கிறார். இன்று பருவதராஜ குலத்தார் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் அம்மக்களுக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் குலதெய்வம். அவ்வம்மனுக்கு மயானக்கொள்ளை விழா நடப்பதும் மாசியில்தான். கடல் ஒரு கூட்டத்தாருடையது, ஏரி வேறொரு கூட்டத்தாருடையது என்ற இந்தப் பாகுபாட்டைச் சென்னைவாசிகளாகிய நாம் ஏறத்தாழ மறந்துவிட்டோம். மீனவர் என்றாலே நமக்குக் கட்டுமரந்தான் தோன்றுகிறது.

ஏரி மீன்பிடிப்பின் கருவிகள் எளியவை. கரையிலிருந்து வீசும் வீச்சு வலை. வாய்க்கால் வழியில் வைக்கும் பறி. நெட்டித் தக்கை கட்டி மண்புழு கோத்த தூண்டில். நீர் வற்றிய பின்னர் ஊத்தாவும் கச்சாவும். ஊத்தா என்பது மூங்கிற் குச்சிகளைக் கூம்புபோல் முடைந்து, மேலும் கீழும் வாய் திறந்து விடப்பட்ட கூடை. கலங்கிய நீரில் மீன் துள்ளும் இடத்தைப் பார்த்து 'சளக்'கென்று குத்திவிட்டு, மேல்வாய் வழியே கையை விட்டு மீனைப் பற்ற வேண்டும். உள்ளே இருப்பது விராலா, முள்ளால் குத்தும் தேளியா என்பது கை நுழைந்த பிறகே தெரியவரும்.

ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் சிறு தோணியோ, வாழைத்தண்டுத் தெப்பமோ, மிகப் பிற்காலத்தில் லாரியின் ரப்பர் ட்யூபோ மீன்காரரைச் சுமந்தன. பெரிய நீர்த்தேக்கங்களில் பரிசல் வந்தது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் பரிசலும் ரங்கூன் வலையும் சேர்ந்து ஒரு புதிய மீன்தொழிலையே உருவாக்கின. மூங்கில் சட்டத்தின் மேல் தோல் போர்த்தி, பின்னாளில் தார் பூசிய உறை போர்த்தி, தட்டுப்போல் மிதக்கும் அந்தக் கலத்தில் இருவர் அமர்ந்து, ஒருவர் துடுப்பைத் தள்ள மற்றவர் வலையை விடுவர். சிறுபடகில் நன்னீர் மீன்பிடிப்பு என்றால், தமிழகத்தில் நாம் பெருமையுடன் காட்டக்கூடிய காட்சி அதுவே.

வற்றும் ஏரியில் மீன் எவ்வாறு பிழைக்கிறது என்பது இயற்கையின் விந்தைகளில் ஒன்று. விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை நீரிலுள்ள பிராணவாயுவை மட்டும் நம்பி வாழ்வன அல்ல. தலையை மேலே தூக்கிக் காற்றையே உட்கொள்ள வல்லவை. நீர் முற்றும் வற்றினாலும் விரால் ஈரச்சேற்றுக்குள் புதைந்து வாரக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். புதுமழை பெய்து வரத்துக்காலில் நீர் ஓடத் தொடங்கியதும் வெளிப்பட்டு, ஓட்டத்தை எதிர்த்து ஏறி முட்டையிடும். வறண்டு வெடித்த குளம் ஒரே மழையில் மீன்மயமாவதைக் கண்டு, மேலைநாட்டார் சிலர் வானத்திலிருந்து மீன் மழையாகப் பொழிந்தது என்றே எழுதி வைத்தனர். பனையேறிக் கெண்டையின் கதை இன்னும் சுவையானது. தரங்கம்பாடியிலிருந்த டால்டார்ஃப் என்ற டேனிய அலுவலர், குளக்கரைப் பனைமரத்தில் இம்மீன் ஏறக் கண்டதாக எழுதியனுப்பிய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயக் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. அறிஞர்கள் பலர் அதனை ஐயுற்றனர். ஆனால் அம்மீனுக்குப் பனையேறி என்று பெயரிட்ட நம் ஊரார் எந்தக் கழகத்துக்கும் கடிதம் எழுதியவர் அல்லர்.

இவையெல்லாம் நமக்கு உணர்த்துவது ஒன்று. வற்றுவது ஏரிக்குச் சாவன்று. கோடையில் அது ஒடுங்குகிறது; மழையில் மீள்கிறது. அந்த ஒடுக்கத்துக்கும் மீட்சிக்கும் இடையில் கிடைக்கும் சில வாரங்களே மீன் அறுவடைக் காலம்.

அந்த அறுவடையின் உரிமை யாருடையது? உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காகவே நாம் பெரிதும் போற்றுகிறோம். அவ்வோலையில் பெயர் வந்தோர் சிலர் ஏரிவாரியப் பெருமக்களாக அமர்ந்து, ஊரின் ஏரியைக் காத்தனர் என்பதையும் அதே கல்வெட்டு கூறுகிறது. ஏரி மீன் மீதும் பாசி மீதும் விதிக்கப்பட்ட பாட்டம் பழைய கல்வெட்டுகளில் காணப்படுகிறது. அத்தகைய வருவாயை ஏரியைக் குழிவெட்டவும் கரையை உயர்த்தவும் ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. ஏரியின் வண்டலை அள்ளிக் கரைசேர்க்க ஓடங்கள் இருந்தமைக்கும் சோழர் காலச் சான்றுண்டு. இதனைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். ஏரியில் மிதந்த சிறு படகின் வேலை உல்லாசமன்று, மீன்பிடிப்பு மட்டுமுமன்று. ஏரி தூர்ந்து போகாமல் காப்பது. மீன் கொடுத்த காசு வண்டலை அள்ளியது. வண்டல் நீங்கிய ஏரி மீண்டும் மீன் கொடுத்தது.

இனி ஆங்கிலேயர் காலத்து நெடிய ஏரிக்கு வருவோம். 1867இல் நிறுவப்பட்ட மதராஸ் படகுக் கழகத்தார் இன்று அபிராமபுரத்துக்குத் தெற்கே அடையாற்றங்கரையில் படகு வலிக்கின்றனர். அவர்கள் 1893இல் நெடிய ஏரியில் படகுப் பந்தயம் நடத்தினர் என்றால், அவ்வேரியின் நீளத்தையும் ஆழத்தையும் நாம் ஊகித்துக்கொள்ளலாம். கரையில் குடைகளும் தொப்பிகளும், நீரில் மெல்லிய நீண்ட படகுகளும். அதே நீரில் வலை வீசிய கைகளைப் பற்றி அக்காலத்து விளையாட்டுச் செய்திகளில் தேடுவது வீண்.

தூண்டிலிலும் துரைமார் தம் ஊர் வசந்தத்தை இங்கே தேடினர். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் சென்னை மாகாணத்து ஆட்சிப்பணியாளர். தென் கன்னட மாவட்ட ஆட்சியராகவும் பின்னர் வருவாய் வாரிய உறுப்பினராகவும் இருந்தவர். இந்தியாவில் தூண்டிலிடுவது பற்றி 1873இல் ஒரு நூல் எழுதிப் புகழ்பெற்ற அவர், ஏரிகளிலும் குளங்களிலும் தூண்டிலிடும் முறைக்கென்றே 1887இல் தனிநூல் ஒன்று வெளியிட்டார். ஆற்றுக்கும் மலைக்கும் விடுமுறையில் செல்ல இயலாத அலுவலர், வீட்டருகே கிடக்கும் ஏரியிலேயே மாலைப்பொழுதைக் கழிக்கலாமே என்ற எண்ணம் எத்தனையோ பேருக்கு இனித்திருக்கும். அவரை வெறும் பொழுதுபோக்காளர் என்று ஒதுக்குவது நேர்மையன்று. மீன்வளம் ஏழைகளின் உணவு என்பதை அவர் உணர்ந்திருந்தார். மீன் வளர்ப்பைப் பற்றி அரசுக்கு அறிக்கையும் தந்தார். மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே 1873இல் அளித்த நன்னீர் மீன்வள அறிக்கையும், தாமஸ் போன்றோரின் வற்புறுத்தலும் சேர்ந்து 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்துக்கு வழிகோலின. நீரில் வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீனைக் கொல்வதை அச்சட்டம் தடுத்தது. 1907இல் சர் பிரெடெரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாணத்துக்கு மீன்வள அமைப்பு ஏற்பட்டது.

இவ்வளவும் நன்றே. ஆயினும் ஓர் இடறல் நமக்குத் தோன்றுகிறது. மீனைக் காக்கச் சட்டம் வந்தது. மீன் வாழும் ஏரியைக் காக்க எதுவும் வரவில்லை. அரசின் வருவாய்க் கணக்கில் ஏரி என்பது புறம்போக்கு. அச்சொல்லின் பொருளே கணக்குக்குப் புறம்பானது என்பதுதான். வயலுக்குத் தீர்வை உண்டு, மனைக்கு விலை உண்டு. ஏரிப் புறம்போக்குக்கு ஊரின் நினைவு மட்டுமே காவல். ஊர் நகரமாகி, நினைவு தேய்ந்துவிட்டால், புறம்போக்கு என்பது காலி மனை என்றாகிவிடுகிறது.

நெடிய ஏரிக்கு நேர்ந்ததும் அதுவே. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. நகரில் வீட்டுப் பஞ்சம் மிகுந்திருந்தது. மக்களுக்குக் குடியிருக்க இடம் வேண்டும் என்ற நோக்கத்தில் தவறு காண்பதற்கில்லை. 1923இல் மாம்பலத்தில் குடியிருப்புத் திட்டம் தொடங்கிற்று. 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயரைப் புதிய நகர் தாங்கிற்று. பனகல் அரசர் பெயரில் பூங்கா எழுந்தது. ஏரி சிறிது சிறிதாக வடிக்கப்பட்டு, தூர்க்கப்பட்டு, தெருவாயிற்று. அதே 1925இல்தான் இயேசு சபையார் நுங்கம்பாக்கத்தில், ஏரிப்பகுதியை அடுத்து, லயோலாக் கல்லூரியைத் தொடங்கினர். நம் குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் அக்கல்லூரியில் அறிவு பெற்றனர். ஆகவே ஏரியைத் தூர்த்தவர் யாரோ அயலார் என்று சொல்லி நாம் விலகிக்கொள்ள முடியாது. நுங்கம்பாக்கத்தில் எஞ்சிய ஏரியும் காலப்போக்கில் மறைந்தது; அங்கே 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. நீரின்றி அமையாது உலகு என்ற சிந்தனையைத் தந்தவருக்கு ஏரியின் மேல் மண்டபம் எழுந்ததைப் பற்றி நாம் எதுவும் சொல்லாமல் கடந்து செல்வதே மரியாதை.

நகரின் நடுவில் தப்பிப் பிழைத்தது சேத்துப்பட்டு ஏரி. அது தப்பியதற்கு மீனே காரணம் எனலாம். மீன்வளத் துறை அதனைத் தன் பண்ணையாகவும் ஆய்விடமாகவும் வைத்துக்கொண்டது. 1916இல் ஜாவாவிலிருந்தும் மொரிசியசிலிருந்தும் கொண்டுவந்த கௌராமி மீன்களைச் சேத்துப்பட்டுக் குளங்களிலேயே வளர்த்தனர். பயனற்ற நீர்நிலை என்று கோப்பில் எழுத இடமில்லாதபடி அங்கே எப்போதும் ஏதோ ஒரு மீன் வளர்ந்துகொண்டிருந்தது. சுமார் 16 ஏக்கர் பரப்புள்ள அவ்வேரி 2016இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டபோது, படகுச் சவாரியோடு தூண்டிலிடவும் இடம் அமைத்தனர். அபிராமபுரத்துக்காரர் ஒருவர் சிறு படகில் ஏறி ஏரிநீரில் மிதக்க விரும்பினால், அருகில் உள்ளது அதுவே. மயிலைக் கபாலி கோயில் குளத்திலும் மீன்கள் உண்டு. பொரி போட்டு அவை கூட்டமாய்ப் பாய்வதைக் கண்டு களிக்கலாம். அங்கே தூண்டிலுக்கு இடமில்லை, இருக்கவும் வேண்டாம்.

பழைய ஏரி மீன்பிடிப்பு உயிரோடிருப்பதைக் காண வேண்டுமானால் தெற்கே செல்ல வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம், பொன்னமராவதி. சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி. மதுரை மாவட்டத்து மேலூர். திண்டுக்கல் மாவட்டத்து நத்தம். இப்பகுதிகளில் ஏரியைக் கண்மாய் என்பர். மாசி முதல் வைகாசி, ஆனி வரை, கண்மாய் வற்றும் முறைக்கேற்ப ஊருக்கு ஊர் மீன்பிடித் திருவிழா நடக்கிறது.

அதன் ஒழுங்கு குறிப்பிடத்தக்கது. பல கண்மாய்களில் மீன்பாசி உரிமை ஆண்டுக் குத்தகைக்கு விடப்படுகிறது. ஆண்டு என்பது சூலை முதல் சூன் வரை செல்லும் பசலி ஆண்டு. ஆகவே குத்தகைதாரர் பசலி முடியுமுன், நீர் இறங்கும் கோடையில், தம் பங்கை எடுத்துவிட வேண்டும். வேறு சில ஊர்களிலோ கண்மாயைக் குத்தகைக்கு விடுவதில்லை. மழைக்குப்பின் ஊர்ப்பொதுவில் மீன்குஞ்சு வாங்கி விட்டு, கோடை வரை எவரும் வலை வீசக்கூடாது என்று கட்டுப்பாடு செய்துகொள்கின்றனர். அந்தக் கட்டுப்பாட்டுக்குக் காவல் நிலையம் தேவைப்படுவதில்லை. குறித்த நாளின் அதிகாலையில் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் வந்து கரையைச் சுற்றி நிற்பர். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு, வெள்ளைத் துண்டை வீசிக் காட்டுவர். அவ்வளவுதான், நூற்றுக்கணக்கானோர் ஒரே பாய்ச்சலில் நீருக்குள் இறங்கிவிடுவர். ஊத்தா, கச்சா, பரி, வலை. எதுவும் இல்லாதவர்க்குக் கொசுவலையோ வேட்டியோ. நீர் கலங்கிச் சேறாகும். கட்லாவும் ரோகுவும் துள்ளும். ஜிலேபிக் கெண்டை வேட்டியை நிறைக்கும். அடிச்சேற்றிலிருந்து விரால் வழுக்கிக்கொண்டு வெளிவரும். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அன்று அவ்வூரில் எல்லா வீடுகளிலும் ஒரே மணம். பிடித்த மீனை விற்பதில்லை என்பது பல ஊர்களின் வழக்கம். கிடைக்காதவருக்குக் கிடைத்தவர் கொடுப்பர். கண்மாயை இவ்வாறு திறந்துவிட்டால் அடுத்த ஆண்டு மழை பொய்க்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

இதில் பழைமை மட்டுமே இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. துள்ளும் மீன்களில் பெரும்பகுதி புதியவை. கட்லா, ரோகு, மிருகால் ஆகிய பெருங்கெண்டைகள் ஓடும் ஆற்றில்தான் இனம் பெருக்கும். தேங்கிய ஏரியில் முட்டையிடா. 1957ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர், கபச்சுரப்பிச் சாற்றை ஊசியால் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதன்பின் மீன்குஞ்சு பண்ணைகளில் பெருகி, கண்மாய்தோறும் சென்று சேர்ந்தது. ஜிலேபியோ 1952இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். இன்று அது இல்லாத குட்டையே இல்லை என்னுமளவு பரவி, நாட்டு மீன்களை நெருக்குகிறது. அயிரையும் குரவையும் அரிதாகி வருகின்றன. மதுரையில் அயிரைக் குழம்பின் விலையைக் கேட்பவர்க்கு அது விளங்கும். ஆனால் கண்மாயை யார் திறப்பது, எந்நாளில் திறப்பது, யார் யார் இறங்கலாம் என்னும் முறை பழையது. மீன் மாறியும் முறை மாறவில்லை. அந்த முறை இருக்கும் ஊரில் கண்மாய்க்குள் ஒருவர் வேலி போட்டால், ஊத்தாவோடு இறங்கும் நாளில் அது எல்லார் காலையும் தடுக்கும். சென்னையில் நெடிய ஏரியைக் கூறுபோட்டபோது அவ்வாறு கால் இடறியவர் எத்தனை பேர் இருந்தனரோ, அவர்கள் குரல் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்றியது. எஞ்சிய ஏரிகளுக்கு அது உதவக்கூடும். மறைந்த ஏரிகளோ தம் வழியைத் தாமே நினைவில் வைத்திருக்கின்றன. 2015 திசம்பர் முதல் நாள் இரவு அடையாறு கரை புரண்டது; சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளின் முதல் மாடியை நீர் தொட்டது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்கள் நாள்கணக்கில் நீரில் கிடந்தன. அவ்விரு மழைகளிலும், ஏரிகள் நிரம்பி வழிந்த புறநகர்ச் சாலைகளில் மக்கள் கொசுவலையை விரித்து மீன் பிடித்தனர். ஓட்டத்தை எதிர்த்து ஏறும் மீன்களுக்குச் சாலையும் வரத்துக்காலும் ஒன்றே.

2015 வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க, கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தம் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்தனர். கடலைத் தவிர வேறு நீரில் அப்படகுகள் அதற்குமுன் இறங்கியதில்லை. தெருவின் பெயர்ப் பலகைகள் நீருக்குள் மூழ்கியிருந்தமையால், எந்தப் பக்கம் செல்வது என்று மாடிகளில் நின்றவர்களைக் கூவிக் கேட்டுக்கொண்டே அவர்கள் படகைச் செலுத்தினர்.